துண்டு விழுந்த கணக்கு

லக்னோவில் ஏறும்போது
எழுபத்திரண்டு படுக்கை, எழுபத்திரண்டு கைத்துண்டு.
விரிப்பு மட்டும் இரட்டை.
காகித உறையில் போட்டுச்
சலவைக் கம்பெனி கொடுப்பதை
விடிந்ததும் தில்லியில்
அழுக்காய்த் திருப்பித் தர வேண்டும்.
வெளுப்பை அவர்கள் எண்ணித் தருவார்கள்.
அழுக்கை எண்ணுவது என் பாடு.

என் பெயர் லல்தா பிரசாத்.
யாரும் கேட்பதில்லை.
"கம்பளி" என்றால் நான்,
"தலையணை" என்றாலும் நான்.
பதினேழாம் எண்காரர் குளிரைக் குறைக்கச் சொல்வார்,
நாற்பத்தொன்று கூட்டச் சொல்லும்.
இருவருக்கும் "இதோ" என்று சொல்லிவிட்டுக்
கழிப்பறைப் பக்கம் கொஞ்சம் நின்று திரும்பினால்
இருவருக்கும் சரியாகியிருக்கும்.

மே மாதம்.
நடுச்சாமத்திலும் அனல்காற்று அடங்காத ஊர்கள்.
ஹர்தோயில் நிற்கும்போது
கண்ணாடிக்கு அப்பால்
ஈரத்துணி போர்த்தி நடைமேடையில் கிடப்பவர்கள்
ஒலியை அணைத்துவிட்ட படம்போல் தெரிவார்கள்.
உள்ளே எல்லோரும் கம்பளிக்குள்.
வீட்டில் சொன்னேன், மனைவி நம்பவில்லை.
அக்னி வெயிலில் கம்பளியா, போய்யா என்றாள்.

அன்றைக்கு ஷாஜகான்பூர் தாண்டிக்
குளிர் நின்றது.
நிற்பதற்குமுன் ஒரு சின்ன இருமல்,
பிறகு காற்றுக்குழாயில் ஒன்றுமில்லை.
பத்தே நிமிடத்தில்
எழுபத்திரண்டு பேரின் மூச்சும்
எழுபத்திரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று.
பூரி கொண்டுவந்தது யார்
காலுறை கழற்றியது யார்
ஒளிக்க முடியவில்லை.
திறக்காத ஜன்னலை ஒருவர் குத்திப் பார்த்தார்.
மெக்கானிக் ஷம்சுல்
டார்ச்சைப் பல்லில் கடித்து
மின்பெட்டிக்குள் தலையை விட்டபடி
வாயைத் திறக்காமலே திட்டினார்.

முப்பத்தாறில் இருந்த பெண்தான்
யாரையும் திட்டவில்லை.
எழுந்து வந்தாள், பையை அணைத்துக்கொண்டு.
"அண்ணா, ஐஸ் கிடைக்குமா?"
ஒரு பிளாஸ்டிக் டப்பா.
உள்ளே சுண்டுவிரல் உயரத்தில்
மூன்று மருந்துக் குப்பிகள்,
சுற்றிலும் பனிக்கட்டி என்ற பெயரில் தண்ணீர்.
தில்லி ஆஸ்பத்திரியில் தம்பியாம்.
சூடு பட்டால் மருந்து செத்துவிடுமாம்.
விலை சொன்னாள்.
நான் என் எட்டு மாதச் சம்பளத்தை
மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன்.
எட்டவில்லை.

பரேலியில் ஐந்து நிமிடம்.
குளிர்பானப் பெட்டிமேல் தலை வைத்து
ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
தலையைத் தூக்கி ஓரமாய் வைத்தேன்,
விழிக்கவில்லை.
பாளத்தை உடைத்தாகிவிட்டது,
எதில் அள்ள?
தோளில் கிடந்தது கைத்துண்டு.
பத்து ரூபாயை அவன் உள்ளங்கையில் திணித்துவிட்டு
நகர்கிற வண்டியில் ஏறினேன்,
சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட.

துண்டோடு சேர்த்து டப்பாவுக்குள் அமுக்கி மூடினாள்.
நன்றி சொன்னாளா, நினைவில்லை.
அதற்குள் ஷம்சுல் ஜெயித்துவிட்டார்.
குளிர் வந்தது.
அதுவரை ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து
வேகாத அரசாங்கத்தைப் பேசியவர்கள்
சரக் சரக்கென்று திரை இழுத்தார்கள்.
பதினேழு "கம்பளி" என்றது.

தில்லியில் காண்டிராக்டர் ஆள் சௌராசியா எண்ணினான்.
எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினான்.
சொல்லியிருக்கலாம்.
அவன் தாளில் மூன்றே கட்டம்:
தொலைவு, கிழிசல், கறை.
மருந்துக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவான்?
முதல் கட்டத்தில் போட்டு
நாற்பது ரூபாய் கழித்தான்.

பகலில் வண்டி கழுவுமிடத்தில் நிற்கும்.
அழுக்கு மூட்டைமேல்தான் தூங்குவேன்.
பிறர் தூங்கிய சூடு
கொஞ்ச நேரம் அதில் மிச்சமிருக்கும்.

ராத்திரி மறுபடி எழுபத்திரண்டு.
முப்பத்தாறில் ஒரு தடித்த மனிதர்.
உறையைக் கிழித்துத் துண்டை முகத்தில் ஒற்றி
"என்னய்யா, ஈரமாய் இருக்கிறது" என்றார்.

காய்ந்துவிடும் சார், என்றேன்.
தில்லி போவதற்குள்
என்று சொல்ல வந்தேன்.
வண்டி இப்போது லக்னோவுக்குப் போகிறது.