தரை 2

கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் பெயர் இல்லை. ‘தரை 2’ என்று இருக்கிறது.
தரை 1, ரொஸ்லான்.
எதிர்க் கூடைக்குக் கீழே கால் மடக்கி உட்கார்ந்திருப்பார்,
விசில் ஊதும் வரை.

பகலில் பல் மருத்துவமனையில்
வாயைத் திறக்கச் சொல்லும் அறைக்கு வெளியே
பெயர் பதிகிறவள் நான்.
செவ்வாயும் சனியும் மாலையில் காலாங்.
ஓர் ஆட்டத்துக்கு அறுபத்தைந்து வெள்ளி,
மீ கோரெங் ஒரு பொட்டலம்.

காலாங் நீர்நாய்கள் என்று புது அணிக்குப் பெயர்.
நாயா, என்றார் அம்மா.
நீர்நாய், என்றேன்.
தண்ணீரில் இருந்தாலும் நாய்தானே.
பிப்ரவரி வரைக்கும்
அதை மறுக்க என்னிடம் ஒரு வெற்றிகூட இல்லை.

பதினேழு தோல்வி, ஒன்றன்பின் ஒன்றாக.
முதல் ஆட்டத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசம்.
நீர்நாய் உடைக்குள் இருந்த பையன்
இடைவேளையில் தலையைக் கழற்றி வைத்துவிட்டுப்
படிக்கட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு ஆட்டம் புரிவது கீழிருந்துதான்.
யார் எங்கே விழுந்தார், எவ்வளவு ஈரம் விட்டார்.
மிலோஷ் விழுந்தால் ஒரு மேசை அகலம்.
வெய் ஜுன் விழுவதில்லை, சொட்டுவார்,
பென்சிலால் புள்ளி வைத்ததுபோல்.
டெரன்ஸ் எழும்போதெல்லாம்
பலகையைத் தட்டிவிட்டு ‘சாரி’ என்பார்,
என்னிடமா தரையிடமா, தெரியாது.
விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே
எனக்கு ஏழு விநாடி.

தரை மட்டும் புதிதில்லை.
ரொஸ்லான் சொன்னது; யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார்.
எங்கோ கலைந்துபோன ஓர் அணியிடம்
பாதி விலைக்கு வாங்கிக் கப்பலில் வந்தது.
நடுவட்டத்து நீர்நாய்க்கு அடியில் வேறொரு பறவை.
சாயம் தேயத் தேய
முதலில் ஓர் அலகு தெரிந்தது.
ஜனவரியில் ஒரு கண்.
துடைப்பம் அந்தக் கண்ணைச் சுற்றிப் போனது.
காரணம் கேட்காதீர்கள்.

அந்த மாதத்தில்தான், ஒரு சனிக்கிழமை, மழை.
கூரையில் எங்கோ ஒரு திருகாணி கைவிட்டது.
மூன்றாம் கால்பகுதி. ஆறு புள்ளி முன்னிலை,
ஆமாம், எங்களுடையது.
இலவச எறிகோட்டின் மேல்
சொட்.

ஆட்டத்தை நிறுத்தினார்கள்.
நாற்பது நிமிடம் ரொஸ்லானும் நானும் மட்டும் ஆடினோம்.
துடைக்கத் துடைக்க விழுந்தது.
எண்ணூற்றுச் சொச்சம் பேர், பொழுது போகாமல்,
ஒவ்வொரு சொட்டுக்கும் ஓவென்றார்கள்.
உடம்பு ஆறித் திரும்பி வந்தவர்கள்
இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.
அந்த ஆறும் வாளியில்தான் கிடந்திருக்கும்.
வடிகாலில் ஊற்றியவள் நான்.

முதல் வெற்றி ஈப்போவில்.
ரயிலில் கைபேசியில் பார்த்தேன்,
இறங்கவேண்டிய பொத்தோங் பாசிர் போய்
சிராங்கூன் வந்துவிட்டது.
ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.
மிலோஷ் தரையை முத்தமிட்டார்.
அது என் தரை இல்லை.
நீலச் சட்டையில் யாரோ ஒரு பெண்
துடைப்பத்தைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்,
அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று.
அவள்மேல் பொறாமையாக இருந்தது.
சிரித்துக்கொண்டும் இருந்தேன் போல,
பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

மொத்தம் இருபத்தெட்டில் நான்கு.
காலாங்கில் ஒன்றே ஒன்று.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

ஏப்ரலில் தரையைக் கழற்றினார்கள்.
திங்கட்கிழமை பூப்பந்துக்காரர்கள் வருகிறார்கள்.
ஒவ்வொரு பலகையின் முதுகிலும் சாக்கட்டியில் ஓர் எண்.
வெய் ஜுன் கணுக்கால் பிசகியது நூற்றுப் பதினான்கில்.
கண் எண்பத்தேழு, அலகு எண்பத்தெட்டு;
லாரியில் வேறு வேறு அடுக்கில் போயின.

அடுத்த பருவம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை.
அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள்.
தொலைந்துவிட்டது என்றேன்.
ஐந்து வெள்ளி பிடித்துக்கொண்டார்கள்.