பிடுங்கினால் என்ன ஆகும்

பெட்டி முதலில் வந்தது.
பிர்ச் மரப்பலகை, ஆறு திருகுகள்,
ஒவ்வொன்றும் கதவுக் குமிழ் அளவு.
இர்யா கையுறையைக் கழற்ற மாட்டாள்,
அவள் போட்ட ஒரே நிபந்தனை அது.
பகலெல்லாம் கெமியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறாள்.
மாலையில் உறைந்த கடல்மேல் நடந்துபோய்
குப்புறப் படுத்து, காதைப் பாளத்தில் வைக்கிறாள்.
விரிசல் ஓடும்போது
முறுக்கிய கம்பியை உதறினாற்போல் சீழ்க்கை கேட்குமாம்.
அதைப் பிடித்து, வளைத்து, வாசிக்க வேண்டும்.

செய்துவிடலாம் என்றோம்.
சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினியைப்
பெட்டிக்குள் உட்காரவைத்தோம்.
அதில் எந்த மென்பொருள் ஓடுவது என்பதில்
தனேலியும் நானும்
மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவனுக்கு பியூர் டேட்டா.
திரையில் கட்டம் வரை,
கட்டத்துக்குக் கட்டம் கயிறு கட்டு,
ஒலி தானாக இறங்கி வரும்.
"பார்த்தாலே புரியும்" என்றான்.
பார்த்தேன். வலையைப் பூனையிடம் கொடுத்து
திரும்ப வாங்கினதுபோல் இருந்தது.

எனக்கு சூப்பர்கொலைடர்.
நாலு வரி எழுதினால் மழை பெய்யும்.
"பெய்யும்" என்றான் தனேலி,
"ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் நிற்கவும் நிற்கும்."

மூன்றாவதாக ஃபாஸ்ட் என்று ஒன்று இருந்தது.
சூத்திரமாகச் சொன்னால்தான் காதில் வாங்கும்.
எங்கள் இருவருக்கும் சூத்திரம் ஆகாது.
அதை ஒதுக்குவதில் மட்டும் ஒற்றுமை.

அட்டவணை போட்டோம்: உரிமம், நினைவகம், தாமதம்.
தாமதத்தில் சண்டை முற்றியது.
குறிலுக்கு ஒரு மாத்திரை,
கண் இமைக்கிற, விரல் நொடிக்கிற நேரம்.
மெய்யெழுத்து அதில் பாதியில் முடிந்துவிடும்.
நாங்கள் கேட்டது
மாத்திரையை முப்பதாக நறுக்கி, அதில் ஒரு துண்டு.
தொட்டதற்கும் ஒலித்ததற்கும் நடுவே அவ்வளவே இடம்.
மிஞ்சினால் கை ஓர் ஆள், ஒலி வேறோர் ஆள்.
அந்தத் துண்டுக்காக
தனேலி என் காப்பிக் கோப்பையை உடைத்தான்.
தெரியாமல் என்கிறான்.

பிப்ரவரியில், எதையும் தீர்மானிக்காமல்,
அவனுடையதைப் பாதியும் என்னுடையதைப் பாதியும் ஏற்றி
பனிமேல் கொண்டுபோனோம். இருபத்திரண்டு பாகை, பூஜ்யத்துக்குக் கீழே.
இர்யா துளை போட்டு ஒலிவாங்கியை இறக்கினாள்,
செருகியைச் சொருகினாள்,
நின்றாள்.
"எதற்குக் காத்திருக்கிறோம்?"
"எழுந்துகொண்டிருக்கிறது" என்றேன்.
"என் வண்டிக்கு வயது முப்பது.
சாவியைத் திருப்பினால் எழுந்துவிடும்."

நாற்பத்தோரு நொடி.
முப்பதாவது நொடியில் ஒரு விரிசல்
கரையில் தொடங்கி எங்கள் காலடி வழியாகத்
தீவுவரை ஓடியது.
அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.
பெட்டியும் கேட்கவில்லை.

அதன்பின் பத்து நிமிடம் வாசித்தாள்.
கை விறைத்ததும்
செருகியை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டாள்.
"அணைக்காமலா!" என்று தனேலி அலறினான்.
"பிடுங்கிவிட்டேனே, அணைந்துதானே இருக்கிறது?"

மறுநாள் பெட்டி எழவில்லை.
நினைவு அட்டை பாதி எழுத்தோடு செத்துக் கிடந்தது.
எங்கள் அட்டவணையில்
பதினேழு கேள்விகள் இருந்தன.
பிடுங்கினால் என்ன ஆகும் என்பது இல்லை.

ஏப்ரல் வரை சூத்திரம் படித்தோம்,
ஒரே மேசையில், ஒரே விளக்கில், முணுமுணுத்துக்கொண்டு.
ஃபாஸ்டில் எழுதியதை
இயங்குதளமே இல்லாத ஒரு சின்னச் சில்லுக்குள் இறக்கினோம்.
என் மழை போயிற்று. அவன் கயிறுகள் போயின.
ஆறு திருகில் நாலுக்குத்தான் வேலை,
மீதி இரண்டுக்கு உள்ளே கம்பியே இல்லை.

சொருகினால் இமைப்பதற்குள் விழிக்கிறது.
பிடுங்கினால் போய்விடுகிறது, புகார் இல்லாமல்.

பனி மெலிந்துவிட்டதால்
கரையோரமாகவே படுத்து வாசித்தாள்.
ஐந்தாவது திருகை மெல்லத் திருப்பினாள்,
தலையைச் சாய்த்து, திரும்பவும் கொஞ்சம்.
தனேலி என்னைப் பார்த்தான்.
"இதுதான் நன்றாக இருக்கிறது" என்றாள் இர்யா.