கோச்சி வராத ரெயில்

"ரெயில் செய்யப்போறம், ஆறங்குல பைப் வேணும்" என்றோம்.
கோச்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார்
ஹாட்வெயார் முதலாளி.
சிரித்து முடித்து
நுனி வெடித்த பத்தடித் துண்டொன்றைப்
பாதி விலைக்குத் தந்தார்.

மற்றதெல்லாம் இப்படித்தான்:
பினாயில் மணம் போகாத நீலப் பெரல் நாலு,
உடைத்த வீடொன்றின் கூரைச் சட்டம்,
இறால் பண்ணையில் கைவிட்ட நைலோன் கயிறு,
பெயின்ற் வாளி இரண்டில் சீமெந்து ஊற்றி நங்கூரம்.
ஆணி மட்டும் புதிது.
ஆறாயிரத்து நாநூற்றுப் பத்து ரூபாய் என்று
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது,
ஜெறோமின் கையெழுத்தில்.
அதில் நூற்றெழுபது ரொட்டிக்கு.

சீலாமுனையில் இறக்கினோம்.
மிதந்தது.
ஒரு நீர்க்காகம் வந்து நுனியில் குந்தியது,
அதற்கும் மிதந்தது.
நான் ஒரு காலை வைத்தேன்:
வெயிலுக்கு எருமை புரளுகிற மாதிரி
அவசரமே இல்லாமல்
வயிற்றைக் காட்டிப் புரண்டது.

மறுகா மூன்று நாள் சண்டை.
பெரலுக்குள் தண்ணீர் விட்டுப் பாரமாக்குவோம் என்றான் சஞ்ஜீபன்.
பைப்பைப் பதிவாய்க் கட்டலாம் என்றேன் நான்.
ஜெறோம் ஒன்றும் பேசாமல்
பெரல்களை வெளியே வெளியே தள்ளிக் கட்டினான்,
ஒரு முழம், பிறகு இன்னுமொரு முழம்.
அகலம்தான், வேறொன்றுமில்லை.
கால் அகட்டி நிற்பவனைத் தள்ளி விழுத்த ஏலாது என்பது
கபடி விளையாடிய எங்களுக்கு
எப்படி மறந்துபோனது?

இழுப்பதற்கு அஸ்வரின் லேண்ட்மாஸ்டர்.
ஒரு சில்லைக் கழற்றினால்
வெறும் றிம்மில் கயிறு சுற்றும்.
கை உயர்ந்தால் இழு, தாழ்ந்தால் விடு.
பலகை, பழைய கதவின் பிளைவூட்.
காலுக்கு, செருப்பு வார்.
பைப்பின் முதுகு முழுக்கச் சவர்க்காரம்.

யதுஷாதான் முதலில்.
லேண்ட்மாஸ்டர் இருமியது.
கயிறு தண்ணீரை விட்டெழுந்து சொட்டியது.
பலகை பைப்பில் ஏறிய அந்தச் சத்தத்தை
எப்படி எழுதுவது?
ஈரச் சிலேட்டில் விரலை இழுத்தால் வருமே,
அதன் பெரிய அண்ணன் மாதிரி.
ஒரு செக்கன்கூட இல்லை.
மறுமுனையில் விழுந்து
பல்லில் பாசியோடு எழும்பி
"இன்னொருக்கா" என்றாள்.

கார்த்திகை மழையில் முகத்துவாரம் வெட்டினார்கள்.
வாவி எழும்பிக் கடலுக்கு நடந்தது.
சீமெந்து வாளிகளையும் இழுத்துக்கொண்டு
எங்கள் ரெயிலும் புறப்பட்டுவிட்டது,
முதலாளி கேட்ட அந்த மணிக்கு.

பெரலில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து
பத்தாம் நாள் கிரான்குளத்திலிருந்து ஒரு போன்.
"தம்பி, உங்கட சாமான் இஞ்ச கிடக்கு.
நெத்தலி காயப் போட்டிருக்கன்.
பறவாயில்லையா?"

போய்ப் பார்த்தால் பறவாயில்லைதான்.
மழை விட்ட வெயில்,
நாலு பெரலுக்கும் மேலே வலையை விரித்து
நாய் எட்டாத உயரத்தில் மீன்.
எங்கள் அகலம் அவருக்கும் பிடித்திருந்தது.
பேரம் முடிந்தது: பெரல் அவருக்கு, பைப் எங்களுக்கு,
மேலால் ஒரு பை கருவாடு.

திரும்பும் பஸ்ஸில்
பைப்புக்கும் ரிக்கெற் கேட்டார் கொண்டக்டர்.
யதுஷா குனிந்து
சீற்றுகளுக்கடியில் உருளும் வெறும் போத்தில்களை
எண்ணத் தொடங்கினாள்.
பதினொன்று. பன்னிரண்டு.
"நூற்றைம்பது வேணும்" என்றான் ஜெறோம்,
பைப்பைக் கட்டிப் பிடித்து
காலை அகட்டி நின்றபடி.