வளைவு

கோப்பில் அதன் பெயர் அரச காணி, தரிசு,
இரண்டு ஏக்கர் ஒரு றூட் பதினேழு பேர்ச்சஸ்.
முகாம் எழும்பிப் போய் மூன்று வருஷம்.
எனக்குத் தந்தது ஒரு அளவு நாடா, ஒரு குடை,
பூங்கா என்ற சொல்,
வரவுசெலவில் மிஞ்சிய கொஞ்சக் காசு.

படித்த காலத்தில் பரீட்சைக்குப் பாடமாக்கியது:
புகை குடித்த நகரங்களில்
மூச்சு விட இடமில்லாதவர்கள்
ஞாயிறுகளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்களாம்,
செத்தவர்களின் புல்லில் துணி விரித்து
ரொட்டி தின்றார்களாம்.
மறுகாதான் சபைகளுக்கு உறைத்தது,
உயிரோடிருப்பவருக்கும் கொஞ்சம் புல் வேணுமென்று.
அரசர்கள் மான் சுட்ட காடுகளின் படலை
அதற்கு முன்பே மெல்லத் திறந்திருந்தது,
நல்ல உடுப்போடு வந்தவருக்கு.

நிலத்தைப் படம்போலப் பார்க்கும் அந்தச் சொல்
ஒல்லாந்து ஓவியரிடமிருந்து வந்ததென்றார் விரிவுரையாளர்.
நான் சிரித்துவிட்டேன்.
மட்டக்களப்புக்கு அவர்கள் கொண்டுவந்த சட்டகம்
கோட்டைச் சுவரில் பீரங்கி மூக்கு நுழையும் ஓட்டை.
அதற்குள்ளாலும் வாவி வடிவாய்த்தான் தெரியும்.

ஆணையாளருக்கு ஆறு மணிக்குப் பூட்டும் கேற் வேணும்.
உறுப்பினர் பூபாலபிள்ளைக்கு வாசலில் வளைவு,
அதில் தகப்பனின் பெயர்.
பொறியியலாளர் பஸ்மிலுக்கு நிற விளக்கோடு நீரூற்று.
"வாவிக்குப் பக்கத்திலயா?" என்றேன்.
"அது உப்புத் தண்ணி" என்றார்.
நண்டு விற்கும் யோகம்மாவிடமும் கேட்டேன்.
"நிழல் மகள். கச்சானுக்கு நிழல் இல்ல இஞ்ச.
மற்றது, பொம்பிளையள் போக ஒரு கக்கூசு."
அவ சொன்னது காற்றை.
பக்கத்தில் கச்சான் வறுத்தவன்
தன் வண்டிக்கென்று நினைத்துத் தலையாட்டினான்.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

மறுகா, ஒரு கோடும் போடாமல்
ஐந்து நாள் அங்கேயே குந்தியிருந்தேன்.
காலையில் படுவான்கரை பஸ்ஸால் இறங்கினவர்கள்
ஆஸ்பத்திரிக்குக் குறுக்கே விழுந்தார்கள்.
மத்தியானம் மாடுகள், எவர் அனுமதியும் இல்லாமல்.
பின்னேரம் ரியூசன் விட்ட பெட்டையள்
சைக்கிளை உருட்டியபடி,
ஒரு கதையை நீட்டுவதற்காகவே மெல்ல.
எல்லாருக்கும் ஒரே ஒற்றையடிப் பாதை.
அது நேராய் வரும்.
நடுவில், ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில்
இடப்பக்கம் ஒதுங்கி, சுற்றி,
திரும்ப நேராகும்.
மாடும் ஒதுங்கியது.

குனிந்து பார்த்தேன். புல். கொஞ்சம் தொட்டாற்சுருங்கி.
வலை பொத்திக்கொண்டிருந்த இஞ்ஞாசி சொன்னார்,
அங்கே சிவப்பு நாடா கட்டியிருந்ததாம்,
மண்டையோடு கீறின பலகையும்.
தோண்டி எடுத்து, ஆபத்தில்லை என்று
கையெழுத்தும் வைத்தாயிற்று.
நாடாவைக் கழற்றினார்கள்.
கால்களுக்கு எவரும் அறிவித்தல் ஒட்டவில்லை.

"நேராக்குவம்" என்றார் பஸ்மில், அடிமட்டத்தோடு,
"ஏழு மீற்றர் கொங்கிறீற் மிச்சம்."
நான் இருந்தபடியே கீறினேன்,
சுற்றுகிற இடத்தின் வயிற்றில் ஒரு பூவரசங்கன்று.
பூபாலபிள்ளையிடம் சொன்னேன்,
"ஐயா, வளைவு போட்டாச்சு."
அவர் இன்னும் தேடுகிறார்.

கேற் இல்லை. கக்கூசு இரண்டு.
நீரூற்று வந்தது, பழுதாய்ப் போனது,
இப்போது அதில் தவளைகள்.

திறந்து ஐந்தாம் மாதம்,
ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன்.
பட்டத்தோடு ஒரு பொடியன்,
பின்னால் செருப்பில்லாத நாலு பேர்,
வளைவுவரை வந்து
வளையாமல் ஓடினார்கள்,
பூவரசை உரசிக்கொண்டு, நேரே.
புல் அங்கே ஏற்கனவே தேய்ந்திருந்தது.
காவலாளி விசிலை வாயில் வைத்தார்.
பொறுங்கள் என்று கை காட்டினேன்.
பையில் நாடா கிடந்தது.
முழங்காலில் இருந்து அளந்தேன்:
அகலம் பதினொரு அங்குலம்.