கரி கனியும் நேரம்

போயா இரவுகளில் முந்நூற்றி நாலு விளையாடுவோம்,
உவர்மலையில், குமாரதேவன் அத்தான் வீட்டு மாடியில்.
கீழே துறைமுகம்
ஒரேயொரு கப்பலின் விளக்கை வைத்துக்கொண்டு
மற்றதையெல்லாம் அணைத்திருக்கும்.
மூன்றாவது ஆட்டத்துக்குள் எப்படியோ
அந்தச் சட்டை வந்துவிடும்.

எழுபத்திநாலு, ஆவணி.
என் அப்பா அடுப்படி வாசலில் கிடந்தார்.
ஐந்தரைக்கு, கதவு திறந்திருக்கக் கண்டான் பால்காரன்.
ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க
சித்தப்பா பொலிசுக்கு நடந்து போனார்,
வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல்.
இடையில் ஒரு மணியும் இருபது நிமிடமும்.
இஸ்திரிக்கைப்பெட்டி இன்னும் கொதித்ததென்று
இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார்,
சுட்ட விரலைக் காட்டி.

"சிரட்டைக்கரி" என்பார் அத்தான்,
கோர்ட்டில் முப்பது வருடம் கோப்புக் கட்டியவர்.
"மூட்டி, ஊதி, சாம்பல் தட்டி,
அது கனிய எவ்வளவு நேரம்?
தமையன் செத்துக் கிடக்க விசிறி தேடினவனை
நான் ஏன் நம்பவேணும்?"

ஜெனிவீவ் ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பா.
"சாரத்தோடு போயிருந்தால்
வாசலிலேயே அடிச்சிருப்பாங்கள்.
அவனிட்ட இருந்த மரியாதை அந்த மடிப்பு மட்டும்தான்."

"கறை, ரீச்சர். கறையை மறைக்க" என்பான் ரூபன்.
"சூடு பட்டால் இரத்தம் துணியில இறுகும், மடையா.
ஒருநாளாவது உடுப்புத் தோய்ச்சிருந்தால் தெரியும்."

சிரிப்போம். நானும்தான்.
ஐம்பது வருடம் போனால்
அப்பாவையும் சீட்டோடு சேர்த்துக் கலைத்துப் போடலாம்.

ஏன் அந்த நேரத்தில் என்று நீதிபதி கேட்டாராம்.
"கசங்கியிருந்தது, ஐயா."
அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.
ஐந்துக்கு இரண்டென்று ஜூரிமார் விட்டார்கள்.
ஊர் விடவில்லை.
உப்புவெளியில் ஒற்றை அறை, வள்ளங்களின் மோட்டர் திருத்தும் வேலை.
ஞாயிறுகளில் கோட்டை வாசலுக்கு வருவார்,
தேய்த்த சட்டையோடு,
மான்களுக்கு வாழைத்தோல் கொண்டு.
எங்களைக் கண்டால் கடலைப் பார்ப்பார்.

இன்று ரீச்சர் புதிதாக ஒன்று சொன்னா,
கையிலிருந்த சீட்டை அடுக்கியபடி:
"அவன் சட்டைக்காகக் கரி மூட்டேல்லை.
நேரம் போகவேணும் என்று மூட்டினவன்."
"என்னத்துக்கு நேரம்?"
"ஆரோ தூரம் போக."
"ஆறேகால் மூதூர் லோஞ்சுக்கோ?" அத்தான் பகிடி விட்டார்.
ரூபன் இருமி இருமிச் சிரித்தான்.

மூதூர் லோஞ்ச்.
எனக்கு ஆறு வயது. டீசல் மணம்.
சப்பாத்து இடம் வலம் மாறிக் காலைக் கடித்தது.
அம்மா ஈரத்தலையை முடியவில்லை.
என் கையில் ஒரு பணிஸைத் திணித்துவிட்டு
போகும் திசையையே பார்த்தபடி இருந்தா,
விட்டு வந்த கரையை ஒருதரமும் பார்க்கவில்லை.

கோப்பு வேறு சொல்கிறது:
மனைவியும் பிள்ளையும் முதல்நாள் பின்னேரமே மூதூர் போய்ச் சேர்ந்தனர்.
பெரியம்மா சத்தியம் பண்ணிச் சொன்னா.

ஆனால் என் லோஞ்சில்
வெயில் கடல்வாயிலிலிருந்து வந்து கண்ணைக் கூசியது.
பின்னேரமென்றால் அது சீனன்குடாப் பக்கமல்லவா நிற்கும்?
வேறொரு பயணமாயிருக்கலாம்.
எத்தனையோ தரம் போய்வந்தோம்.

வேறென்ன தெரியும் எனக்கு?
அம்மாவின் இடது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்தே இருந்தது.
கிணற்றடியில் வழுக்கினதாம்.
அப்பா போனபின் எங்கள் வீட்டில்
இஸ்திரிக்கைப்பெட்டி இருந்ததேயில்லை.
யூனிபோர்மை மெத்தைக்குக் கீழே விரித்து
அதன் மேல் படுத்துத்தான் மடிப்பு எடுத்தேன்.
சித்தப்பாவின் செத்தவீட்டுக்கு அம்மா போகவில்லை.
அன்று முழுக்க வீட்டுத் துணியெல்லாம் தோய்த்தா,
தோய்த்தவற்றையும் திரும்ப.

இந்த ஆட்டத்தில் துரும்பு என்னுடையது.
ஸ்கோப்பன் எட்டு.
கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
"என்ன பிள்ளை, திறக்கிறியோ?" என்கிறார் அத்தான்.

சீட்டின் மூலை கசங்கியிருக்கிறது.
பெருவிரலால் அழுத்தி
மெதுவாக நேராக்குகிறேன்.
இன்னும் கொஞ்சம்.
அவர்கள் காத்திருக்கிறார்கள்.