காலி இடத்துக்கு ஒரு பாஸ்

மில்வாக்கியில் மார்ச் மாதம்
காலண்டரில் மட்டும்தான் வசந்தம்.
ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.
வண்டிகள் நிறுத்துமிடத்தில் கரி அடுப்பு மூட்டி
சாசேஜைப் புரட்டிக்கொண்டே
ரெனாட்டா ஆரம்பித்துவிட்டாள்:
"முப்பத்தேழு வயது. முழங்காலில் இரண்டு ஆபரேஷன்.
விமானப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினானே,
டிவியில் பார்த்தீர்களா இல்லையா?"

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
எந்த வண்டி இன்னும் எத்தனை மைல் தாங்கும் என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்றான் ஃபிடென்சியோ.

"படுத்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறாய் அல்லவா,
அது போதும்."

பா ஹெர் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
போனில் வகுத்துப் பார்த்தாள்.
நிமிடத்துக்கு நாலாயிரத்து நூறு டாலர்.
"நின்றாலும் ஓடினாலும்
மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும்."

ரூய் கஷ்டன்யேரா.
அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க
எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.
டிக்கெட் முப்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்றாக
ஒரே ராத்திரிதான் பிடித்தது.

அவனுக்குச் சம்பளம் கொடுக்க
ஜாலன் பெட்டிவேயை விற்றுவிட்டார்கள்.
பத்தொன்பது வயது, இந்த ஊரின் வடக்குத் தெருப் பையன்.
பெல்ஜியத்தில் ஏதோ இரண்டாம் டிவிஷன்.
நான் மஃப்ளர் விற்கிறவன்.
பெட்டிவே பெயர் நெய்தவை இருநூற்றுப் பதினாலு
என் வேனில் கிடக்கின்றன.
இந்த விவாதத்தில் என் கட்சி எது என்று
யாரும் கேட்க வேண்டியதில்லை.

அறுபத்தாறாவது நிமிடம் இறங்கினான்.
இருபதாயிரம் பேரும் எழுந்தார்கள்.
கைதட்டல் இல்லை.
எல்லாக் கையிலும் போன்.

நடந்தான்.
சாக்ஸை இழுத்துவிட்டான்.
விரலை நீட்டி
அங்கே நில், இங்கே நில் என்று
பிள்ளைகளுக்கு இடம் காட்டினான்.
"டிராஃபிக் போலீஸுக்கா இவ்வளவு சம்பளம்?"
ரெனாட்டா கத்தியது
நாலு வரிசை தாண்டிக் கேட்டிருக்கும்.

அப்புறம் எழுபத்தொன்பது.
தலையைத் திருப்பக்கூட இல்லை.
இடது காலின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு.
இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே போய்
வலது மூலையில்
பூனை குதிப்பதுபோல் இறங்கியது பந்து.

அங்கே ஆள் இல்லை.

புதிதாக வந்த நார்வேக்காரப் பையன்
நடுக்கோட்டில் நின்று கையை விரித்தான்.
பந்து இரண்டு முறை எம்பி
பல் டாக்டர் விளம்பரப் பலகையில் மோதியது.

மற்ற அரங்கம் முழுக்கச் சிரித்தது.
எங்கள் பகுதி மட்டும் சிரிக்கவில்லை.
இரண்டு வருஷம் பெட்டிவே
அந்த மூலைக்குத்தான் ஓடுவான்.
பந்து வராது.
கையைத் தூக்கியபடி
கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவான்.

"பார்த்தாயா!"
ஃபிடென்சியோவும் ரெனாட்டாவும்
ஒரே மூச்சில்.

ஒன்றுக்குப் பூஜ்யம், தோல்வி.
இருட்டிய பிறகும்
அணைந்த அடுப்பைச் சுற்றி நின்று பேசினார்கள்.
"பையன் இருந்திருந்தால் கோல்."
"பாஸ் வந்ததால்தானே பையனைப் பற்றிப் பேசுகிறாய்."
"இருவரும் இருந்திருக்கலாமே" என்றது யாரோ புது ஆள்.
பா ஹெர் போனைக் காட்டினாள்:
அந்தத் தொகைக்கு எழுத்தே போதவில்லை,
திரையைத் தாண்டிப் போயிருந்தது.

ஏரியிலிருந்து காற்று திரும்பியது.
ரெனாட்டா என் வேன் கதவைத் தட்டி
"பழையது ஒன்று கொடு, பாதி விலைக்கு" என்றாள்.
கழுத்தில் சுற்றும்போதும்
வாய் ஓயவில்லை.
அவள் பின்னாலேயே
சில்லறையை எண்ணியபடி ஃபிடென்சியோ,
பதில் சொல்லிக்கொண்டே.

இருநூற்றுப் பன்னிரண்டு.