ஒரு சதுர மீட்டர்

நான்கு பி.வி.சி. குழாய்,
மூலைக்கு ஒன்றாய் நான்கு எல்போ.
சேற்றில் வைத்தால் ஒரு சதுர மீட்டர்.
அதற்குள் நிற்கிற கண்டல் மூச்சுவேர்களை
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவது என் வேலை.
நாளுக்கு அறுநூற்றைம்பது, சாப்பாடு என் செலவு.

உப்பனாறு வற்றத்தில் கிடக்கிறது.
தனவேலு படகைக் கட்டிவிட்டு
"ஓதம் ஏற ரெண்டு மணி நேரம்" என்கிறார்,
பிறகு போனில் கபடி பார்க்கிறார்.
தெற்கே சிப்காட்.
காற்று திரும்பினால் அழுகிய முட்டை வாசம்.
காலை எடுத்தால் சேற்றிலும் அதே வாசம்.
எது எதனுடையது என்று கேட்கக் கூடாதென
வேலைத்தாளில் எங்கும் இல்லை.
ஆனாலும் நான் கேட்டதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு.
போன மாசியில் இதே கட்டத்தில் இருநூற்றாறு.

ஐப்பசியில் மூன்றே நாளில்
மொத்த மழையும் கொட்டிவிட்டுப் போனது.
வண்டல் ஒரு சாண் ஏறிற்று.
பாதி வேர் மூழ்கிப்போக
மீதி வேர் மூக்கை வெளியே வைத்திருக்க
மண்ணோடு போட்டி போட்டு வளர்ந்திருக்கிறது.
புதைந்ததில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன்.
அடி கறுத்துப் பஞ்சாகியிருந்தது,
நுனி மட்டும் வெள்ளை.
மேலே வர அரை விரற்கடைதான் பாக்கி.
படிவத்தில் ரெண்டே கட்டம்:
உயிருள்ளது, இல்லாதது.

மேட்டில் உமரி சிவந்து கிடக்கிறது.
ஞாயிறன்று ஒரு கல்யாண ஜோடி
கேமராக்காரரோடு வந்து அதில் உட்கார்ந்தது.
"என்ன பூ இது? கலர் செமயா இருக்கு."
பூ இல்லை.
அந்த மூன்று நாளுக்குப் பிறகு ஒரு தூறலும் இல்லாமல்
மண் கடலைவிடக் கரித்தபோது
இலைக்கு ஏறிய நிறம்,
காய்ச்சலில் கன்னம் சிவக்குமே, அப்படி.
சொல்ல வாயெடுத்தேன்.
அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்,
விட்டுவிட்டேன்.

கண்டல் இலைமேல் பொடிப்பொடியாய் உப்பு.
நாக்கில் வைத்துக்கொண்டேன்.
முப்பத்தொன்பது வயதில்
நூற்றறுபதுக்கு நூறு.
"ஊறுகாய் கூடாது, கருவாட்டைப் பார்க்கவே கூடாது"
என்றார் ஜி.எச். டாக்டரம்மா.
இந்த மரத்துக்கு யார் சொல்ல?
வேரில் வடிகட்டியும் மிஞ்சியதை
இலையில் வியர்த்து வைத்துவிட்டு
ராத்திரிப் பனிக்குக் காத்திருக்கிறது.

ஓரத்துச் சுரபுன்னையில் மஞ்சள் இலை ஒன்று.
தனவேலு சொல்வார்:
மரம் தன் உப்பையெல்லாம் ஒரே இலையில் ஏற்றி
உதிர்த்துவிடும், மற்றது பிழைக்கட்டும் என்று.
எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.
ஏழாவதோடு நின்று
இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போன
கஸ்தூரி அக்கா எனக்கு இருப்பதால்
கூடுதலாகவே பிடிக்கும்.

நஸ்ரின் மேடம்
மஞ்சளில் பத்து, பச்சையில் பத்து எடுத்து
உலர்த்தி, எரித்து, சாம்பலைக் கரைத்துப் பார்த்தார்.
ரெண்டிலும் ஏறக்குறைய ஒரே உப்பு.
"தியாக இலைன்னெல்லாம் இல்லைங்க.
எல்லா இலையும்தான் சுமக்குது.
இது வயசாகி விழுது."

அன்றிரவு அக்காவுக்கு போன் போட்டேன்.
என்ன பேசுவதென்று தெரியவில்லை.
விரல் எப்படி இருக்கு என்றேன்.
இருக்கு என்றாள்.
நீ மாத்திரை போட்டியா என்றாள்.

தனவேலு கூப்பிடுகிறார்.
ஓதம் சத்தமில்லாமல் கட்டத்துக்குள் வந்துவிட்டது,
குழாய் ஒரு பக்கம் மிதக்கிறது.
பங்குனியோடு ப்ராஜெக்ட் முடிகிறது.
அடுத்த மாசியில் இங்கே யார் எண்ணுவார்கள்,
எண்ணத்தான் செய்வார்களா, தெரியாது.
தோண்டிய குழியை மூடாமல் விட்டேன்.
பென்சிலை எடுத்து
உயிருள்ளது என்ற கட்டத்தில் திருத்தினேன்:
நூற்றுப் பதின்மூன்று.